தேடுகட்டத்தில் எழுதிய பிறகு என்ன நடக்கிறது?

(மாவட்ட மைய நூலகம் ஒன்றில் பொதுமக்களுக்காக நடந்த மாலை நேரக் கூட்டத்தில் ஓய்வுபெற்ற நூலகர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)

கூட்டம் என்றால் போனை சைலன்ட்டில் போடச் சொல்வார்கள். நான் சொல்லமாட்டேன். கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள், இன்றைக்கு அதுதான் பாடப் புத்தகம். இதைப் பின்னால் இதழில் படிப்பவர்களும் அப்படியே செய்யலாம்.

முதலில் என் அக்கா கதையைச் சொல்லிவிடுகிறேன். அக்கா ஓய்வுபெற்ற ஆசிரியை. மளிகைக் கடையில் க்யூஆர் கோடு ஸ்கேன் செய்து 640 ரூபாய் அனுப்பியிருக்கிறார். கணக்கில் இரண்டு முறை கழிந்துவிட்டது. வங்கிக்குப் போன் செய்யலாம் என்று, வங்கியின் பெயரையும் 'கஸ்டமர் கேர் நம்பர்' என்பதையும் போட்டுத் தேடினார். மேலே வந்த எண்ணை அழைத்தார். அந்தப் பக்கம் பேசியவர் ரொம்ப மரியாதையாகப் பேசினார். "ஒரு ஆப் இறக்குங்க மேடம், ரீஃபண்ட் ஃபாரம் அதுலதான் இருக்கு" என்றார். அது உங்கள் போன் திரையை அப்படியே அடுத்தவருக்குக் காட்டுகிற ஆப். 640 ரூபாயைத் திரும்ப வாங்கப் போய் 48,000 ரூபாய் போய்விட்டது. கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைத்தோம். ஒரு பகுதி வேறு கணக்குக்கு நகரும் முன் முடக்கப்பட்டது. மீதி வரவில்லை. அன்று ராத்திரி அக்கா என்னிடம் கேட்டது பணத்தைப் பற்றி இல்லை. "முப்பது வருஷம் ஊருக்கெல்லாம் புத்தகம் தேடிக் கொடுத்தியே, எனக்கு ஒரு நம்பர் எப்படித் தேடறதுன்னு சொல்லித் தரலையேடா" என்றார்.

மறுநாள் நானே அதே சொற்களைப் போட்டுத் தேடினேன். அந்த எண் எங்கே இருந்தது தெரியுமா? வங்கிக்குச் சம்பந்தமே இல்லாத ஏதோ ஒரு தளத்தில், யாரோ ஏற்றிவைத்த ஒரு பிடிஎஃப் கோப்பில். இரண்டு பக்கம். வங்கியின் பெயரும் 'கஸ்டமர் கேர்' என்ற சொல்லும் அந்த எண்ணும் மாற்றி மாற்றி எழுதப்பட்டிருந்தன. மனிதர் யாரும் உட்கார்ந்து படிப்பதற்காக எழுதியதே இல்லை அது. தேடுபொறி படிக்க வேண்டும் என்பதற்காக எழுதியது.

இது புரிந்தால் பாதி வேலை முடிந்தது. நாம் கூகுளில் தேடும்போது கூகுள் அந்த நிமிடம் ஓடிப்போய் உலகத்துத் தளங்களையெல்லாம் பார்ப்பதில்லை. ஏற்கெனவே பார்த்து எழுதிவைத்த குறிப்பைத்தான் பார்க்கிறது. 'கிராலர்' என்று ஒரு நிரல் இருக்கிறது. ஒரு பக்கத்தைத் திறக்கும், அதில் இருக்கும் இணைப்புகளைப் பிடித்து அடுத்த பக்கத்துக்குப் போகும், அங்கிருந்து அடுத்ததுக்குப் போகும். இரவு பகல் இதே வேலை. பார்த்த பக்கங்களிலிருந்து ஒரு சொல்லடைவு தயாராகும். நம் இலக்கியப் புத்தகங்களின் கடைசியில் இருக்குமே, எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்று, அதே மாதிரிதான். 'பட்டா' என்று நீங்கள் அடித்தால், 'பட்டா' என்ற சொல்லுக்கு நேரே எழுதியிருக்கும் பக்கங்கள் எல்லாம் எடுக்கப்படும்.

எடுத்த பிறகுதான் உண்மையான வேலை. ஆயிரக்கணக்கான பக்கங்களில் எதை மேலே வைப்பது? 1998இல் லாரி பேஜும் செர்கெய் பிரினும் கூகுளைத் தொடங்கியபோது அவர்கள் கையில் இருந்த சரக்கு இதுதான். ஒரு பக்கத்துக்கு வேறு பக்கங்கள் எத்தனை இணைப்பு கொடுத்திருக்கின்றன, கொடுத்த பக்கங்களுக்கு என்ன மதிப்பு என்று கணக்கிட்டார்கள். ஊரில் நாலு பெரியவர்கள் ஒருவரைக் கைகாட்டினால் அவர் பேச்சுக்கு மதிப்பு கூடுமில்லையா, அந்த மாதிரி. இப்போது அதோடு இன்னும் பல விஷயங்கள் சேர்ந்துவிட்டன. நீங்கள் இருக்கும் ஊர், பக்கம் எவ்வளவு புதியது, போனில் சரியாகத் தெரிகிறதா, நீங்கள் கேட்ட சொற்கள் அதில் எப்படி அமைந்திருக்கின்றன, இப்படி. போலிப் பக்கங்களைக் கழித்துக்கட்டவும் அவர்கள் முயற்சி செய்கிறார்கள். ஆனால் 'இந்த எண் உண்மையிலேயே அந்த வங்கியுடையதா' என்று ஒருவர் போன் போட்டுப் பார்த்துவிட்டு மேலே ஏற்றுவதில்லை. முதலில் வந்தது என்றால் அதிகம் பொருந்தியது என்று அர்த்தம், அவ்வளவுதான்.

அதற்கும் மேலே விளம்பரம் வரும். 'ஸ்பான்சர்டு' என்று சின்னதாக எழுதியிருக்கும். அது பணம் கொடுத்து வாங்கிய இடம். சான்றிதழ் எடுத்துத் தருகிறோம் என்று தனியார் ஆட்கள் அந்த இடத்தில் கடை போடுவார்கள். இ-சேவை மையத்தில் குறைந்த கட்டணத்தில் முடியும் வேலைக்குப் பல மடங்கு கேட்பவர்கள் அதில் உண்டு.

சரி, அரசுத் துறையின் பக்கம் ஏன் சில நேரம் கீழே கிடக்கிறது? இதை எல்லோரும் கேட்கிறார்கள். என் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன், அதிகாரிகள் கோபித்துக்கொள்ள வேண்டாம். நாம் எழுதும் மொழி அப்படி. மக்கள் 'வாரிசு சர்டிபிகேட் எப்படி வாங்குவது' என்று தேடுகிறார்கள். அரசு ஆவணத்தில் 'சட்டப்படியான வாரிசுச் சான்றிதழ் வழங்குதல் தொடர்பான நெறிமுறைகள்' என்று இருக்கும். மக்கள் 'ஈசி' என்கிறார்கள், நாம் 'வில்லங்கச் சான்று' என்கிறோம். தனியார் தளக்காரர் மக்கள் பேசும் சொல்லை அப்படியே தலைப்பில் போட்டுவிடுகிறார். தேடுபொறிகள் இப்போது பொருள் நெருக்கத்தையும் ஓரளவு புரிந்துகொள்கின்றன என்றாலும், தமிழில் அந்தப் புரிதல் ஆங்கிலத்தில் இருக்கும் அளவுக்கு இல்லை. அதனால் ஒரு தடவை கிடைக்கவில்லை என்றால் விட்டுவிடாதீர்கள். பேச்சுச் சொல், அலுவலகச் சொல், ஆங்கிலச் சொல் என்று மூன்று விதமாகவும் போட்டுப் பாருங்கள்.

தமிழுக்கே உரிய வேறு இரண்டு சங்கடங்களும் இருக்கின்றன. ஒன்று, பழைய அரசாணைகள். பல கோப்புகள் ஸ்கேன் செய்த படங்கள். நம் கண்ணுக்கு எழுத்து, கிராலருக்கு வெறும் படம். படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் வசதி வந்திருக்கிறது. ஆனால் மங்கலான தட்டச்சுப் பிரதியில் அது தடுமாறும். இன்னொரு வகைக் கோப்பு, யூனிகோடு வருவதற்கு முன் இருந்த எழுத்துருக்களில் அடித்தது. திரையில் அழகான தமிழ். நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் குறியீடுமாகக் கொட்டும். தேடுபொறிக்குத் தெரிவதும் அந்தக் குப்பைதான். 2010இல் தமிழ்நாடு அரசு யூனிகோடு முறையை ஏற்றது. அதற்கு முந்தைய கோப்புகளில் தமிழ்ச் சொல்லைப் போட்டுத் தேடுவதைவிட, அரசாணை எண்ணையும் ஆண்டையும் துறையையும் வைத்துத் தேடுவது மேல்.

இரண்டாவது சங்கடத்தை ஒரு பெண்ணின் பெயரில்தான் கண்டுபிடித்தேன். 'கௌசல்யா' என்று எழுதுங்கள். 'கெளசல்யா' என்றும் எழுதுங்கள். பார்க்க ஒரே மாதிரி இருக்கிறதா? முதலாவதில் இருப்பது ஔகாரக் குறி. இரண்டாவதில் 'கெ' போட்டுப் பக்கத்தில் 'ள' எழுத்தைப் போட்டிருக்கிறார்கள். கணினிக்கு இவர்கள் இரண்டு வேறு மனிதர்கள். கூகுள் மாதிரி பெரிய தேடுபொறி இதைச் சமாளித்துவிடலாம். ஆனால் ஒரு பட்டியலில் பெயரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்க்கும் தளத்தில் 'பதிவு இல்லை' என்று வந்துவிடும். அந்தப் பெண்மணி தன் பெயரை நீக்கிவிட்டார்கள் என்று அழுதுகொண்டே வந்தார். பெயர் பத்திரமாக அங்கேயே இருந்தது.

இங்கேதான் இரண்டாவது வகைத் தேடல் கருவிக்கு வருகிறோம். நம் அன்றாட வேலைக்கு இதுதான் மிக முக்கியம். ஆனால் நிறையப் பேர் இதைத் தேடல் என்றே நினைப்பதில்லை.

உங்கள் நிலத்தின் சிட்டா, சொத்தின் வில்லங்கம், ரேஷன் கார்டு விவரம், வாக்காளர் பட்டியலில் பெயர், இவையெல்லாம் தரவுத்தளத்துக்குள் இருக்கின்றன. நீங்கள் படிவத்தில் விவரம் கொடுத்த பிறகுதான் அந்தப் பக்கமே உருவாகிறது. கிராலர் படிவத்தை நிரப்பாது. கோணல் எழுத்துகளைப் பார்த்து அடிக்கச் சொல்லும் கேப்சாவைத் தாண்டாது. உங்கள் போனுக்கு வரும் ஓடிபி அதற்கு வராது. அதனால் கூகுளில் உங்கள் சர்வே எண்ணை எத்தனை தடவை அடித்தாலும் சிட்டா வராது. வரவும் கூடாது. அப்படி வருவதாக ஏதாவது தளம் காட்டினால் அங்கே ஓடிபி எதையும் கொடுக்காதீர்கள். கூகுளுடைய வேலை உங்களை அந்தத் தளத்தின் வாசல் வரை கொண்டுபோய் விடுவதுதான். உள்ளே தேடுவது வேறு தேடல், அதற்கு விதிமுறை வேறு.

பட்டா, சிட்டா பார்க்கும் இ-சர்வீசஸ் தளத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மாவட்டம், வட்டம், கிராமம் தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு புல எண், அதற்குப் பிறகு உட்பிரிவு எண். பத்திரத்தில் '112/2ஏ' என்று இருப்பதை அப்படியே புல எண் கட்டத்தில் அடித்துவிட்டு "சர்வர் வேலை செய்யலை சார்" என்பார்கள். 112 என்பது புல எண். 2ஏ என்பது உட்பிரிவு. பிரித்துக் கொடுத்தால் வந்துவிடும். வில்லங்கச் சான்று பார்க்கும் பதிவுத் துறைத் தளத்தில் கதை வேறு. அங்கே மண்டலம், மாவட்டம், சார்பதிவாளர் அலுவலகம், பிறகுதான் கிராமம். வருவாய்த் துறையின் வட்டமும் சார்பதிவாளர் அலுவலக எல்லையும் எல்லா ஊரிலும் ஒன்றாக இருப்பதில்லை. உங்கள் பத்திரத்தில் எந்த சார்பதிவாளர் அலுவலக முத்திரை இருக்கிறதோ அதிலிருந்து ஆரம்பியுங்கள். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்பதையும் கவனியுங்கள். 10 வருஷத்துக்குப் பார்த்துவிட்டு 'வில்லங்கம் இல்லை' என்று நிம்மதியாக வீடு வாங்கினால், 15 வருஷத்துக்கு முன் வைத்த அடமானம் எப்படித் தெரியும்?

வாக்காளர் பட்டியலுக்கும் ஒரு வார்த்தை. பெயரை வைத்துத் தேடுவதைவிட, அடையாள அட்டையில் இருக்கும் எண்ணை வைத்துத் தேடுங்கள். எண்ணுக்கு ஔகாரம் கிடையாது.

மூன்றாவது வகைதான் என் தொழிலுக்குச் சொந்தம். மனிதர்கள் உட்கார்ந்து பார்த்துப் பார்த்துத் தொகுத்த பட்டியல். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் கணித ஆசிரியராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1933இல் கோலன் பகுப்பு முறையை வெளியிட்டார். ஒரு புத்தகத்தை 'இது எதைப் பற்றியது, எந்தக் கோணத்தில், எந்த இடம், எந்தக் காலம்' என்று பிரித்துப் பார்த்து இடம் ஒதுக்குவது அந்த முறை. இணையத்திலும் ஆரம்பத்தில் அப்படித்தான் முயன்றார்கள். 1994இல் ஸ்டான்ஃபோர்டில் படித்துக்கொண்டிருந்த ஜெர்ரி யாங், டேவிட் ஃபிலோ என்ற இரண்டு பேர் தங்களுக்குப் பிடித்த தளங்களை வகைவகையாக எழுதிவைத்ததுதான் யாகூ ஆனது. தன்னார்வலர்கள் தொகுத்த டிமோஸ் என்ற பட்டியலும் இருந்தது. தளங்கள் பெருகப் பெருக மனிதக் கை ஓடவில்லை. யாகூ பட்டியல் 2014இல் நின்றது, டிமோஸ் 2017இல் மூடப்பட்டது. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

ஆனால் அரசுச் சேவைக்கு அந்த வகை இன்னும் உயிரோடு இருக்கிறது. இந்திய அரசின் 'ஐகாட்' என்ற ஒருங்கிணைந்த அரசு இணையத் தொகுப்பில் மத்திய, மாநில அரசுகளின் தளங்கள் துறைவாரியாக வரிசைப்படுத்தப்பட்டிருக்கின்றன. முகவரி 'ஐஜிஓடி டாட் ஜிஓவி டாட் இன்'. ஒரு துறையின் உண்மையான தளம் எது என்று சந்தேகம் வந்தால் கூகுளில் குடைவதைவிட இங்கே போவது நல்லது. 'மைஸ்கீம்' என்ற தளம் இன்னொரு மாதிரி. அங்கே திட்டத்தின் பெயரே உங்களுக்குத் தெரிய வேண்டாம். வயது, மாநிலம், தொழில், மாற்றுத்திறன் உண்டா இல்லையா என்று உங்களைப் பற்றிச் சொன்னால், உங்களுக்குப் பொருந்தக்கூடிய திட்டங்களை எடுத்துக் காட்டும். பெயர் தெரிந்தவர்களுக்குத் தேடுபொறி, பெயர் தெரியாதவர்களுக்கு இது.

நாலாவதாக, பல இடத்தில் கேட்டு ஒரே இடத்தில் கொட்டுகிற கருவிகள். 1995இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உருவான மெட்டாகிராலர் அந்த ரகம். இப்போது விமான டிக்கெட் விலை ஒப்பிடும் தளங்கள் அதைத்தான் செய்கின்றன. அதிகம் சொல்ல இதில் ஒன்றும் இல்லை. அவர்கள் யாரிடம் கேட்கவில்லையோ அது உங்களுக்குத் தெரியாது, அதை மட்டும் நினைவில் வையுங்கள்.

இப்போது எல்லோரும் கேட்பது ஏஐ. "சார், சாட்ஜிபிடியிடமே கேட்டுவிடுகிறேனே?" கேளுங்கள். ஆனால் அது எங்கிருந்து பதில் சொல்கிறது என்று தெரிந்துகொண்டு கேளுங்கள். இரண்டு விதமாகச் சொல்லும். ஒன்று, முன்பு படித்ததை வைத்து, அடுத்தடுத்து எந்தச் சொல் வரப் பொருத்தம் என்று கணித்து எழுதுவது. அதில் போன மாதம் மாறிய கட்டணம் இருக்காது. இன்னொன்று, அந்த நேரத்தில் இணையத்தில் தேடி, கிடைத்த சில பக்கங்களைச் சுருக்கிச் சொல்வது. இதில் கீழே இணைப்பு கொடுத்திருக்கும். அந்தப் பக்கங்களில் ஒன்று என் அக்கா பார்த்த பிடிஎஃப் மாதிரி இருந்தால்? அந்தப் போலி எண், சுத்தமான தமிழில், புள்ளி கமா பிசகாமல் உங்கள் முன் வந்து நிற்கும். கூகுள் பட்டியலிலாவது தளத்தின் பெயரைப் பார்த்துச் சந்தேகப்பட ஒரு வாய்ப்பு இருந்தது.

நானே சோதித்துப் பார்த்தேன். ஒரு சான்றிதழுக்கு எங்கே விண்ணப்பிக்க வேண்டும் என்று ஓர் ஏஐ கருவியிடம் கேட்டேன். அழகாக எட்டுப் படிகள் சொன்னது. அதில் மூன்று படிகள் வேறு மாநிலத்து நடைமுறை. 'தமிழ்நாட்டில்' என்று நான் சொல்லவில்லை, அதுவும் கேட்கவில்லை. மாநிலத்தைச் சேர்த்து, 'அரசுத் தளத்தின் இணைப்போடு சொல்' என்று கேட்ட பிறகு சரியாக வந்தது. ஆகவே மனு எழுத, அரசாணையை எளிய தமிழில் புரிந்துகொள்ள, என்னென்ன ஆவணம் தேவைப்படலாம் என்று யோசிக்க அதைப் பயன்படுத்துங்கள். தொலைபேசி எண், கட்டணம், கடைசித் தேதி, இந்த மூன்றையும் அதன் வாயிலிருந்து மட்டும் வாங்காதீர்கள்.

இப்போது போனைத் திறங்கள். தேடுகட்டத்தில் ஆங்கிலத்தில் 'சைட்' என்று அடித்து, இரட்டைப் புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் 'டிஎன் டாட் ஜிஓவி டாட் இன்' என்று அடியுங்கள். பிறகு ஓர் இடைவெளி விட்டு, வேண்டிய சொல். தமிழ்நாடு அரசின் அந்த முகவரிக்குள் இருக்கும் பக்கங்கள் மட்டும் வரும். வந்துவிட்டதா? பின்னால் இருப்பவர்கள் கை தூக்குங்கள். நல்லது.

முகவரியைப் படிக்கும்போது, தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிட்டு, அதற்கு அடுத்த முதல் சாய்கோடு வரை பாருங்கள், அங்கிருந்து பின்னோக்கிப் படியுங்கள். சாய்கோட்டுக்கு முன்னால் கடைசியாக 'ஜிஓவி டாட் இன்' இருந்தால் அது அரசு அமைப்புகளுக்கு மட்டுமே தரப்படும் முகவரி. நடுவில் எங்கோ 'ஜிஓவி' என்று இருந்து, கடைசியில் 'டாட் காம்' என்றோ 'டாட் ஆன்லைன்' என்றோ முடிந்தால் அது வேறு யாரோ. ஆனால் இதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது, மறைக்கக் கூடாது. அரசுக்குச் சொந்தமான எல்லா நிறுவனங்களும் அந்த முகவரியில் இல்லை. ரயில் டிக்கெட் எடுக்கும் ஐஆர்சிடிசி 'கோ டாட் இன்' என்று முடிகிறது. அப்படிப்பட்ட இடங்களுக்கு, துறையின் அரசுப் பக்கத்தில் கொடுத்திருக்கும் இணைப்பு வழியாகவே போங்கள்.

கடைசித் தேதி போன்ற விஷயங்களுக்கு, தேடல் முடிவில் 'டூல்ஸ்' என்ற இடத்தில் 'கடந்த வாரம்' என்று சுருக்கிப் பாருங்கள். தேடுபொறி போன மாதம் எழுதிவைத்த குறிப்பையே இன்னும் காட்டிக்கொண்டிருக்கலாம். தேதி நீட்டிப்பு அதில் இருக்காது.

வாட்ஸ்அப்பில் வரும் திட்டப் போஸ்டர்களுக்கு, கூகுள் லென்ஸில் அந்தப் படத்தைக் கொடுங்கள். அது படத்தின் உருவ ஒற்றுமையை வைத்தும் தேடுகிறது. மூன்று வருஷத்துக்கு முன் வேறு மாநிலத்தில் வந்த அதே போஸ்டர் பல நேரம் மாட்டிக்கொள்ளும்.

போன கூட்டத்தில் ஓர் அம்மா எழுந்து, "இவ்வளவும் எனக்கு ஞாபகம் இருக்காது தம்பி, எதுவுமே தெரியலைன்னா யாரைக் கேட்கறது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. மாநில அரசுத் துறை சம்பந்தப்பட்ட குறை என்றால் முதல்வரின் உதவி மையத்துக்கு 1100. பணம் போய்விட்டால், காவல் நிலையத்துக்கு நடந்து போவதற்கு முன்பே 1930. வங்கிக்குப் பேச வேண்டும் என்றால் ஏடிஎம் கார்டின் பின்பக்கம் எண் அச்சடித்திருக்கும். அதைத் தேடவே வேண்டாம்.

அக்கா வீட்டில் இப்போது டிவி பக்கத்தில் ஒரு பழைய நாட்குறிப்பு தொங்குகிறது. வங்கி, கேஸ், மின்சாரம், 1930, 1100, எல்லாம் பெரிய எழுத்தில். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அதை எங்கிருந்து எடுத்தார் என்றும் எழுதியிருக்கிறார். 'கார்டின் பின்பக்கம்', 'பில்லின் மேல்பக்கம்', 'துறைத் தளம்', இப்படி. நான் சொல்லிக் கொடுக்கவில்லை, அவரே ஆரம்பித்தது.

நேரம் இருக்கிறது, யாருக்காவது சிட்டா எடுக்க வராமல் இருந்தால் போனை எடுத்துக்கொண்டு முன்னால் வாருங்கள், பார்க்கலாம்.